கடைமடை சேராத நரம்புகள்: பச்சிளங் குழந்தையின் முதல் இரண்டு நாட்கள்

குழந்தை பிறந்ததும் நம் வீடுகளில் காதில் பாங்கு சொல்கிறோம். நாவில் இனிப்பு தொட்டு வைக்கிறோம். எடை எவ்வளவு, யார் சாயல், அகீகா எந்தக் கிழமை வருகிறது என்று பேசிக் கொள்கிறோம். ஒரு கேள்வியைக் கேட்க மட்டும் கூச்சப்படுகிறோம், அல்லது மறந்து விடுகிறோம்: "பிள்ளை வெளிக்குப் போனதா?"

இந்தக் கேள்வி சில குழந்தைகளின் உயிரைக் காப்பாற்றும். அது எப்படி என்று புரிய வேண்டுமானால், வயிற்றுக்குள் இருக்கும் நரம்புகளைப் பற்றிச் சிறிது தெரிந்து கொள்ள வேண்டும்.

குடலுக்கும் தனியாக நரம்பு மண்டலம்

உணவை விழுங்குவது நம் விருப்பம். விழுங்கிய பிறகு நடப்பது எதுவும் நம்மைக் கேட்டு நடப்பதில்லை. உணவுக்குழாயில் தொடங்கி ஆசனவாய் வரை, குடலின் சுவருக்குள்ளேயே கோடிக்கணக்கான நரம்புச் செல்கள் வலைபோலப் பின்னிக் கிடக்கின்றன. 10 கோடி முதல் 50 கோடி வரை இருக்கும் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. ஜெர்மானியர்களான மெய்ஸ்னரும் அவுர்பாக்கும் 19-ஆம் நூற்றாண்டிலேயே இந்த வலையின் இரு அடுக்குகளைக் கண்டு எழுதினார்கள். ஓர் அடுக்கு குடல் தசையை அசைக்கிறது. மற்றொன்று நீர் சுரப்பதையும் இரத்த ஓட்டத்தையும் கவனித்துக் கொள்கிறது.

1899-ல் லண்டனில் பெய்லிஸ், ஸ்டார்லிங் என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். வெளியிலிருந்து குடலுக்கு வரும் நரம்புகளைத் துண்டித்த பிறகும் குடல் தன் வேலையைச் செய்தது. உள்ளே ஒரு பொருள் இருந்தால் அதற்குப் பின்னால் உள்ள பகுதி இறுகியது, முன்னால் உள்ள பகுதி தளர்ந்து வழிவிட்டது. மூளையின் கட்டளை இல்லாமலேயே குடலால் உணவை நகர்த்த முடியும் என்பது இதனால் தெரிந்தது. 1921-ல் லாங்லி என்ற ஆங்கிலேய அறிஞர் இதைத் தனி நரம்பு மண்டலமாகவே பிரித்துக் காட்டினார். இன்று பலர் இதை 'இரண்டாம் மூளை' என்று சொல்கிறார்கள்.

இதில் ஒன்றை மட்டும் மனதில் வைத்துக் கொள்வோம். தள்ளுவதற்கு நரம்பு வேண்டும் என்பது போலவே, தளர்ந்து வழிவிடுவதற்கும் நரம்பு வேண்டும்.

இந்த நரம்புகள் எங்கிருந்து வருகின்றன?

இவை குடலிலேயே உருவாவதில்லை, வேறிடத்திலிருந்து வந்து சேர்கின்றன. கரு உருவான நான்காம் வாரத்தில், பின்மூளை அமையும் இடத்தின் அருகிலிருந்து ஒரு கூட்டம் செல்கள் புறப்பட்டு, மேல்பக்கமாகக் குடலுக்குள் நுழைகின்றன. போகும் வழியெல்லாம் பெருகிக் கொண்டே கீழ்நோக்கி நகர்ந்து, ஏழாம் வாரத்தில் குடலின் கடைசி முனையை அடைகின்றன. இதற்கிடையில் குடலும் நீண்டு கொண்டே போகிறது. கருவில் செல்கள் செய்யும் பயணங்களில் இதுவே மிக நீண்டது. பிரான்சு நாட்டின் நிக்கோல் லெ துவாரின் என்ற பெண் விஞ்ஞானி, காடையின் கருவிலிருந்து எடுத்த செல்களைக் கோழிக் கருவில் பொருத்தி, அவை எங்கே போய்ச் சேர்கின்றன என்று தொடர்ந்து பார்த்தார். 1970-களில் அவருடைய ஆய்வுகள் இந்தப் பாதையைத் தெளிவாகக் காட்டின.

நம் பகுதி மக்களுக்கு இதை விளக்குவது எளிது. கீழணையில் திறக்கும் தண்ணீர் வடவாற்றில் வந்து வீராணத்தை நிரப்புகிறது. பிறகு மதகுகளின் வழியே வாய்க்கால்களில் பாய்கிறது. தலைமடை வயல் நனைந்தால் மட்டும் போதாது, கடைமடைக்கும் தண்ணீர் சேர வேண்டும். நரம்புச் செல்களின் பயணமும் இப்படித்தான். சில குழந்தைகளுக்கு அவை கடைமடை வரை வந்து சேர்வதில்லை. பெருங்குடலின் கடைசிப் பகுதி நரம்பில்லாமலேயே அமைந்து விடுகிறது.

இதைத்தான் மருத்துவர்கள் ஹிர்ஷ்ஸ்ப்ரங் நோய் என்கிறார்கள். சுமார் 5,000 பிறப்புகளில் ஒரு குழந்தைக்கு இது காணப்படுகிறது. பெண் குழந்தைகளை விட ஆண் குழந்தைகளுக்கு ஏறக்குறைய நான்கு மடங்கு அதிகம். டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளிடமும் கூடுதலாகக் காணப்படுகிறது.

அறுபது ஆண்டுகள் தவறாகப் புரிந்து கொள்ளப்பட்ட நோய்

டென்மார்க்கின் குழந்தை மருத்துவர் ஹரால்ட் ஹிர்ஷ்ஸ்ப்ரங், 1886-ல் பெர்லினில் நடந்த கூட்டத்தில் இரண்டு குழந்தைகளைப் பற்றி விவரித்தார். இருவருக்கும் பெருங்குடல் மிகப் பெரிதாக வீங்கியிருந்தது. வீங்கிய பகுதியில்தான் நோய் இருக்கிறது என்று அவரும் அவருக்குப் பின் வந்த பலரும் நினைத்தார்கள். வீங்கிய குடலை வெட்டி எடுத்தும் நோய் தீரவில்லை.

உண்மை நேர் எதிராக இருந்தது. வீங்கிய பகுதியில் நரம்பு இருந்தது, அது நல்ல குடல். அதற்குக் கீழே, பார்வைக்குச் சாதாரணமாகத் தெரிந்த குறுகிய பகுதியில்தான் நரம்பு இல்லை. தளர்ந்து வழிவிடச் சொல்ல நரம்பு இல்லாததால் அந்தப் பகுதி இறுகியே கிடந்தது. மேலே உள்ள நல்ல குடல் தள்ளித் தள்ளிப் பார்த்து, அடைபட்டு, வீங்கிப் போனது. 1948-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஆர்வர் ஸ்வென்சன் என்ற அறுவை மருத்துவர், குறுகிய பகுதியை அகற்றி நல்ல குடலைக் கீழே இழுத்து ஆசனவாயோடு இணைக்கும் முறையை வெளியிட்டார். குழந்தைகள் குணமடைந்தார்கள். இன்று செய்யப்படும் அறுவை சிகிச்சைகளுக்கும் அடிப்படை இதுதான். இப்போது பல குழந்தைகளுக்கு வயிற்றைத் திறக்காமல், ஆசனவாய் வழியாகவே இதைச் செய்து முடிக்கிறார்கள்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

நிறைமாதத்தில் பிறந்த ஆரோக்கியமான குழந்தை, பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் தார் போன்ற கரிய முதல் மலத்தைக் கழித்து விடும். 48 மணி நேரம் ஆகியும் கழிக்கவில்லை என்றால் காத்திருக்கக் கூடாது. வயிறு உப்பிக் கல் போலாவது, பால் குடிக்க மறுப்பது, பச்சை நிறத்தில் வாந்தி எடுப்பது ஆகியவை அவசர அறிகுறிகள். பச்சை வாந்திக்கு வேறு காரணங்களும் இருக்கலாம், ஆனால் அவற்றில் எதுவும் வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடியது அல்ல.

இங்கேதான் நம் வீடுகளில் தாமதம் ஏற்படுகிறது. வெற்றிலைக் காம்பை விளக்கெண்ணெயில் தோய்த்து ஆசனவாயில் வைப்பது பல ஊர்களில் பழக்கம். இந்த நோயுள்ள குழந்தைக்கு அப்படிச் செய்தால், காற்றும் மலமும் ஒரேயடியாகப் பீறிட்டு வரலாம். வயிறு இறங்கி விடும். "சரியாகி விட்டது" என்று பெரியவர்கள் நிம்மதி அடைவார்கள். இரண்டு நாளில் மீண்டும் வயிறு உப்பும். தற்காலிகமாகக் கிடைத்த இந்த நிம்மதியே நோயை மறைத்து விடுகிறது. உரை மருந்து, கிரைப் வாட்டர், வசம்பு எதுவும் இல்லாத நரம்பை உண்டாக்காது.

தாமதத்தின் பெரிய ஆபத்து, தேங்கிய மலத்தில் கிருமிகள் பெருகிக் குடல் அழற்சி ஏற்படுவதுதான். காய்ச்சல், உப்பிய வயிறு, துர்நாற்றத்தோடு நீராகப் பேதி, சோர்வு என்று அது வெளிப்படும். பேதி ஆவதைப் பார்த்து, மலச்சிக்கல் தீர்ந்தது என்று எண்ணிவிடக் கூடாது. சில மணி நேரங்களில் உயிருக்கே ஆபத்தாகலாம். அறுவை சிகிச்சைக்குப் பிறகும் இது வரக்கூடும் என்பதைப் பெற்றோர் நினைவில் வைக்க வேண்டும்.

கண்ணூறு பட்டதோ என்று ஓதிப் பார்க்க வருபவர்களும் உண்டு. துஆ கேட்பது நம் கடமை. ஆனால் இரண்டு நாளாக மலம் போகாத குழந்தையை ஓதி அனுப்பிவிட்டு ஓர் ஆலிம் சும்மா இருந்து விடக் கூடாது. "முதலில் மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள், துஆவை நாங்கள் இங்கிருந்தே கேட்கிறோம்" என்று சொல்லும் பொறுப்பு நம்முடையது.

காட்டுமன்னார்கோயில், லால்பேட்டை, ஆயங்குடி, கொள்ளுமேடு ஆகிய ஊர்களில் இருப்பவர்கள் முதலில் அருகிலுள்ள அரசு மருத்துவமனையிலோ சிதம்பரத்திலோ குழந்தை மருத்துவரிடம் காட்டலாம். அறுவை சிகிச்சை தேவைப்பட்டால், புதுச்சேரி ஜிப்மரிலும் சென்னை எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையிலும் குழந்தைகளுக்கான தனி அறுவை சிகிச்சைப் பிரிவுகள் உள்ளன. அவசரத்துக்கு 108 இருக்கிறது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த பிறகு, மலக்குடலிலிருந்து ஒரு சிறு துணுக்கை எடுத்து, அதில் நரம்புச் செல்கள் உள்ளனவா என்று நுண்ணோக்கியில் பார்த்து உறுதி செய்வார்கள்.

வளர்ந்த பிள்ளைகளுக்கு வரும் எல்லா மலச்சிக்கலும் இந்த நோய் அல்ல. பெரும்பாலும் உணவும் பழக்கமும்தான் காரணம். பிறந்த நாள் முதலே சிக்கல், எப்போதும் உப்பிய வயிறு, எடை ஏறாமை என்றிருந்தால் மட்டும் இதையும் சந்தேகிக்க வேண்டும்.

தாயைக் குற்றம் சொல்லாதீர்கள்

"கர்ப்பத்தில் இவள் எதைத் தின்றாளோ" என்ற பேச்சு நம் வீடுகளில் எளிதாக வந்து விடுகிறது. செல்களின் பயணம் முடிகிற ஏழாம் வாரத்தில், பல பெண்களுக்குத் தாங்கள் கர்ப்பமாக இருப்பது அப்போதுதான் தெரிந்திருக்கும். அவள் மீது பழி போடுவது அநியாயம்.

மரபணுக்களின் பங்கு பெரிது. கொல்கத்தாவில் பிறந்து அமெரிக்காவில் ஆய்வு செய்யும் அரவிந்த சக்கரவர்த்தி இதில் முன்னோடி. தலைமுறை தலைமுறையாகத் தங்களுக்குள்ளேயே மணம் முடிக்கும் மெனோனைட் என்ற கிறிஸ்தவச் சமூகத்தில், சுமார் 500 குழந்தைகளில் ஒன்றுக்கு இந்த நோய் காணப்பட்டது. அதற்குக் காரணமான ஒரு மரபணு மாற்றத்தை 1994-ல் அவருடைய குழு கண்டுபிடித்தது. ரெட் என்ற இன்னொரு மரபணுவில் உள்ள, ஆரோக்கியமான மக்களிடமும் பரவலாகக் காணப்படும் ஒரு சிறு மாற்றத்துக்கும் பங்குண்டு என்று 2005-ல் காட்டியது. தாயிடமிருந்தும் வரலாம், தந்தையிடமிருந்தும் வரலாம், இருவருக்கும் நோய் இல்லாமலும் இருக்கலாம்.

நெருங்கிய உறவில் மணம் முடிக்க மார்க்கம் அனுமதித்திருக்கிறது, கட்டாயமாக்கவில்லை. குடும்பத்தில் ஏற்கனவே இப்படி ஒரு குழந்தை பிறந்திருந்தால், அதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்வது அடுத்த குழந்தைக்கு நாம் செய்யும் உதவி.

உரிய நேரத்தில் சிகிச்சை பெற்ற குழந்தைகளில் பெரும்பாலோர் நன்றாக வளர்கிறார்கள். சிலருக்கு மலச்சிக்கலும் மலக் கசிவும் சில ஆண்டுகள் நீடிக்கலாம். பொறுமையும் தொடர் பரிசோதனையும் தேவை. எனவே இனி பிரசவ வீட்டுக்குப் போனால், வெட்கப்படாமல் கேளுங்கள்: "பிள்ளை வெளிக்குப் போனதா? எப்போது போனது?"

அல்லாஹ் நம் குழந்தைகள் அனைவருக்கும் ஆரோக்கியத்தைத் தந்தருள்வானாக.