குதிகாலில் சில துளி இரத்தம்

நாமக்கல் மாவட்டம் குமாரபாளையத்தைச் சேர்ந்த பெண் குழந்தை ஒன்றின் சிகிச்சைக்காக 2021-இல் பொதுமக்கள் ரூ.16 கோடி திரட்டியது பலருக்கும் நினைவிருக்கும். மருந்துக்கான இறக்குமதி வரியை மத்திய அரசு தள்ளுபடி செய்தது. நோயின் பெயர் முதுகுத்தண்டுவடத் தசைநார்ச் சிதைவு. எஸ்எம்என்1 மரபணு பழுதுபட்டால், தசைகளை இயக்கும் நரம்பணுக்களைக் காக்கும் புரதம் போதிய அளவில் உருவாகாது. அவை மடிய மடிய, கழுத்து நிற்பது, உட்காருவது, கடுமையான வகையில் மூச்சுவிடுவதும்கூடத் தளரும். அறிவோ மங்குவதில்லை.

பெற்றோர் இருவரும் நலமாகவே இருப்பர். ஆளுக்கொரு பழுதான பிரதியை அறியாமல் சுமந்திருப்பர். உறவுத் திருமணம் ஆபத்தைக் கூட்டும் என்பது மெய்யே. உறவல்லாதாரை மணந்தோர்க்கும் இந்நோயுடன் குழந்தை பிறப்பதால், தாயைப் பழிப்பது வெறும் அறியாமை.

மடிந்த நரம்பணுவை எக்கோடியும் மீட்காது. அறிகுறி தோன்றுமுன் தரும் மருந்தே மிகுந்த பயன் அளிக்கும். பிறந்த குழந்தையின் குதிகாலில் எடுக்கும் சில துளி இரத்தம் நோயைக் காட்டிவிடும். அமெரிக்க மாநிலங்கள் அனைத்திலும் நடைபெறும் இச்சோதனையை நம் அரசு மருத்துவமனைப் பிரசவ வார்டுகளிலும் தொடங்க வேண்டும்.