டெங்கு: காய்ச்சல் விடும் நாளில்தான் கூடுதல் கவனம்

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி கொசு சாக்கடையை நாடுவதில்லை. வீட்டிலும் மொட்டை மாடியிலும் தேங்கி நிற்கும் நல்ல தண்ணீரில்தான் அது பெருகுகிறது. அதனால் தெருவைச் சுத்தம் செய்வதால் மட்டும் டெங்கு அடங்குவதில்லை. தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கொசு ஒழிப்புப் பணியாளர்கள் வீடு வீடாக வந்து தொட்டிகளை டார்ச் அடித்துப் பார்ப்பது இதற்காகவே. அவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பினால் பக்கத்து வீடுகளுக்கும் ஆபத்துதான்.

கொசு வளரும் இடங்கள்

மூடாத டிரம், சிமெண்ட் தொட்டி, பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை, புழங்காத ஆட்டுக்கல் எல்லாம் பலருக்கும் தெரிந்தவை. குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத் தட்டு பெரும்பாலும் யார் கண்ணிலும் படுவதில்லை. அதில் சேரும் இரண்டு விரற்கடைத் தண்ணீரே கொசுப்புழுவுக்குப் போதும்.

இந்தக் கொசு தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரில் முட்டையை ஒட்டி வைக்கிறது. தண்ணீர் வற்றினாலும் முட்டை மாதக்கணக்கில் சாகாது. மறுபடி நனைந்ததும் பொரித்துவிடும். ஆகவே தண்ணீரைக் கீழே கொட்டுவதோடு நிறுத்தாமல், உட்சுவரை நாராலோ பிரஷாலோ அழுத்தித் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டை கொசுவாக ஏறத்தாழ 7 முதல் 10 நாள் ஆகும். வாரம் ஒருமுறை கழுவச் சொல்வது இந்தக் கணக்கில்தான். புகை மருந்து பறக்கும் கொசுவைக் கொல்லுமே தவிர, தொட்டியில் நெளியும் புழுவைத் தொடாது.

காய்ச்சல் வந்தால்

திடீரென ஏறும் கடுங்காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி, மூட்டு வலி, உடலில் தடிப்பு ஆகியவை டெங்குவின் அறிகுறிகள். காய்ச்சலுக்கு மருத்துவர் சொல்லும் அளவில் பாராசிட்டமால் மட்டும் போதும். ஆஸ்பிரின், இபுபுரூஃபன் மாத்திரைகள் ரத்தக்கசிவைத் தூண்டக்கூடியவை. அவற்றைத் தொடவே கூடாது. கஞ்சி, இளநீர், உப்பு சர்க்கரைக் கரைசல் அடிக்கடி கொடுக்க வேண்டும். நிலவேம்புக் குடிநீர் குடிப்பவர்களும் மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடக் கூடாது.

அபாயக் கட்டம்

பெரும்பாலும் 3ஆம் நாளிலிருந்து 7ஆம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும். வீட்டார் நிம்மதி அடைவதும், சிலருக்கு நோய் முற்றுவதும் அப்போதுதான். ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து ரத்தம் கெட்டிப்படுகிறது, ரத்த அழுத்தம் சரிகிறது. கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கருப்பாக மலம், கை கால் சில்லிடுதல், அமைதியின்மை அல்லது மயக்கம் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் உடனே 108 ஆம்புலன்ஸை அழைத்து மருத்துவமனைக்குப் போக வேண்டும். குழந்தை ஆறு மணி நேரமாகச் சிறுநீர் கழிக்கவில்லை என்றாலும் அப்படியே. தட்டணு எண்ணிக்கையை மட்டும் நம்பி வீட்டில் காத்திருப்பது தவறு. டெங்கு வைரஸில் நான்கு வகைகள் உண்டு. ஒருமுறை வந்தவருக்கு வேறு வகை தொற்றினால் பாதிப்பு கடுமையாகும் வாய்ப்பு அதிகம்.

வீட்டில் உள்ள மற்றவர்கள்

காய்ச்சல் இருக்கும் நாட்களில் நோயாளியின் ரத்தத்தில் வைரஸ் இருக்கும். அவரைக் கடிக்கும் ஏடிஸ் சுமார் 8 முதல் 12 நாளில் அடுத்தவருக்கு நோயைக் கடத்தத் தொடங்கும். இது காலையிலும் பொழுது சாயும் முன்பும் அதிகம் கடிக்கும் பகல் கொசு என்பதால், நோயாளியும் கைக்குழந்தையும் பகலிலும் கொசுவலைக்குள் படுக்க வேண்டும். ஒரே தெருவில் இரண்டு மூன்று பேருக்குக் காய்ச்சல் கண்டால் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ 104 என்ற எண்ணிலோ தெரிவிக்கலாம்.