பாவனைக் கலை – 9: உடம்பில் மட்டும் சிவப்பில்லை

ஹிந்துஸ்தான் லீவரில் மேலதிகாரிகளைப் போலப் பேசிக்காட்டியே தாராவிப் பையன் ஒருவர் 'ஜானி லீவர்' ஆன கதையைப் போன வாரம் பார்த்தோம். அடுத்தது துடுப்புவால் கரிச்சான் என்று சொல்லியிருந்தேன். கரிச்சான் கொஞ்சம் பொறுக்கட்டும். விக்ரோலி கண்ணம்வார் நகரில் ஒரு கறிவேப்பிலைத் தொட்டி குறுக்கே வந்துவிட்டது.

தரைத்தள வீட்டு அக்கா, திருநெல்வேலிக்காரர், கொழுந்தைத் திருப்பிக் காட்டினார். "காக்கா எச்சம்னுதான் தம்பி தண்ணி ஊத்துனேன். பாத்தா நகருது!"

கறுப்பும் பழுப்பும், நடுவில் வெள்ளைத் திட்டும், ஈரப் பளபளப்பு உட்பட அசல் எச்சம். கறிவேப்பிலை அழகி என்ற வண்ணத்துப்பூச்சியின் புழு அது. எலுமிச்சை, நார்த்தையிலும் வளரும். உடம்பு பெருத்தபின் இந்த வேடம் எடுபடாது. அத்தனை பெரிய எச்சத்தை எந்தக் குருவி போடும்? அதனால் கடைசியாகத் தோலுரிக்கும்போது இலைப் பச்சைக்கு மாறிவிடும். சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாகக் கவை ஒன்றை நீட்டி நாற்றமடிக்கும்.

அக்காவுக்கு இதெல்லாம் பெருமையாகப் படவில்லை. "சாம்பாருக்கு நாலு இல தேறணும்லா" என்றார். கெஞ்சிக் கேட்டு ஒரு கிளையை மட்டும் புழுவுக்கு எழுதி வாங்கினேன்.

இதோடு நின்றிருந்தால் கரிச்சானுக்கு இடம் கிடைத்திருக்கும். புழுவின் தாய் விடவில்லை. இந்த இனத்தில் ஆணுக்கு ஒரே உருவம்: கறுப்பு, பின்னிறகில் குறுக்கே வெள்ளைப் பட்டை. பெண்ணுக்கு நம் நாட்டில் மூன்று. ஒன்று ஆணைப் போலவே இருக்கும். இன்னொன்று ரோஜா அழகியின் நகல், மற்றது சிவப்புடல் அழகியின் நகல். அந்த இருவரும் ஆடுதின்னாப்பாளை வகைக் கொடிகளைத் தின்று வளர்ந்து, அதன் நஞ்சை உடம்பில் சேர்த்துவைத்திருப்பவர்கள். ஒருமுறை கடித்துப் பார்த்த பறவை அந்தச் சிவப்புப் பொட்டுகளை மறக்காது. நம் கறிவேப்பிலைக்காரியிடம் நஞ்சு துளியும் கிடையாது, பொட்டு மட்டும் உண்டு.

அமேசானில் 11 வருடம் பூச்சி பிடித்துத் திரும்பிய ஹென்றி பேட்ஸ் 1862-ல் இந்த வித்தையை விளக்கினார். வேறு வேறு இனம் என்று பெட்டியில் குத்திவைத்திருந்தவை ஒரே பூச்சியின் பெண்கள்தான் என்று 1865-ல் காட்டியவர் அவர் நண்பர் வாலஸ். இத்தனை மாற்றத்துக்கு ஒரு கொத்து மரபணுவாவது வேண்டாமா? அப்படித்தான் வெகுகாலம் நினைத்தார்கள். 2014-ல் பெங்களூரு என்.சி.பி.எஸ். ஆய்வு மையத்தின் கிருஷ்ணமேக் குண்டேயும் சிகாகோ சகாக்களும் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள்: சாவி ஒரே மரபணு, டபுள்செக்ஸ். ஆணுடம்பா பெண்ணுடம்பா என்று வகுக்கும் அதே மரபணு! வேடக்காரிகளிடம் அது தலைகீழாகத் திரும்பிக் கிடக்கிறது. ஆணிடமும் அந்தத் திரும்பிய வடிவம் இருக்கலாம். ஆனாலும் அவன் வேடம் கட்டுவதில்லை. இதைப் படித்த ராத்திரி வேறு எதையும் படிக்க ஓடவில்லை.

இத்தனை சாமர்த்தியத்திலும் ஓர் ஓட்டை. சிவப்புடல் அழகிக்கு உடம்பே சிவப்பு. நகல்காரி இறகை ஒப்பனை செய்துகொண்டு உடம்பைக் கறுப்பாகவே விட்டுவிட்டாள். பறவைக்கு இறகே போதும் போலிருக்கிறது. மும்பையில் அசலும் உண்டு, நகலும் உண்டு. பூவில் உட்காரும்போது உடம்பைப் பாருங்கள்.

அப்படியானால் எல்லாப் பெண்களும் ஏன் வேடம் போடவில்லை? போலி பெருத்தால் பருப்பு வேகாது. தின்னத் தகுந்ததே அதிகம் சிக்கினால் பறவைக்குப் பொட்டின் மேல் பயம் போய்விடும். இதே சிக்கல் கலஹாரியின் கரிச்சானுக்கும் உண்டு. பொய்யாக அபாயக்குரல் எழுப்பி, மற்றவர்கள் போட்டுவிட்டு ஓடும் இரையைத் தூக்கிக்கொள்ளும் கள்ளன் அது. குட்டு வெளிப்பட்டதும் என்ன செய்கிறது என்பதை, போரிவிலிக் காட்டிலிருக்கும் அதன் உறவுக்காரரான துடுப்புவால் கரிச்சானோடு சேர்த்து அடுத்த வாரம் சொல்கிறேன்.

(தொடரும்)