உங்களுக்குத் தெரியுமா? ஒற்றைச் சினைப்பையின் சாமர்த்தியம்!

ஒரு சினைப்பை பாதாம் பருப்பு அளவுதான். ஆனால் பெண் குழந்தை பிறக்கும்போதே இரண்டு சினைப்பைகளிலும் சேர்த்து 10 முதல் 20 லட்சம் முட்டைகள்! வயதுக்கு வரும்போது மிஞ்சுவது 3, 4 லட்சம். ஆயுள் முழுக்க முதிர்ந்து வெளியே வருவதோ சுமார் 400தான்!

ஆபரேஷனில் ஒரு சினைப்பை போய்விட்டால், இனி இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் மாதவிடாய் என்று நினைத்தீர்களா? கிடையவே கிடையாது! மிச்சமிருக்கும் ஒன்றே மாதாமாதம் முட்டை போடும்!

இதைக் கேளுங்கள். வலப்பக்கம் சினைப்பை இல்லை. இடப்பக்கம் கருக்குழாய் இல்லை. கரு தரிக்குமா? தரித்திருக்கிறது! இடப்பக்க முட்டையை வலப்பக்கக் குழாய் எட்டிப் பிடித்துக்கொள்கிறது!

ஒரு சினைப்பை இல்லாதவர்களுக்கு மெனோபாஸ் எத்தனை வருடம் முந்துகிறது? நார்வேயில் 23 ஆயிரத்துக்கும் அதிகமான பெண்களிடம் கணக்கெடுத்தார்கள். சராசரியாக ஒரே ஒரு வருடம்!

1935, சிகாகோ. ஸ்டீன், லெவெந்தால் என்று இரண்டு டாக்டர்கள். மாதவிடாய் ஒழுங்காக வராத 7 பெண்கள். கட்டிகள் நிறைந்த சினைப்பைகளில் பாதி முதல் முக்கால் பங்கு வரை வெட்டி எடுத்தார்கள். மிச்சத் துண்டு வேலை செய்ததா? 7 பேருக்கும் மாதவிடாய் திரும்பியது! இரண்டு பேர் கர்ப்பமே ஆனார்கள்!

என்னை அசர வைத்தது இதுதான். சினைப்பை சில நேரம் தன் காம்போடு முறுக்கிக்கொள்ளும். ரத்த ஓட்டம் நிற்கும். கன்னங்கரேலென்று நீலம் பாரித்துக் கிடக்கும். பார்த்தால் செத்துப்போனது மாதிரியே இருக்கும். அந்தக் காலத்தில் அப்படியே வெட்டி எறிந்துவிடுவார்கள். இப்போது முறுக்கை மட்டும் பிரித்து, கறுப்பாகவே உள்ளே விட்டுவிடுகிறார்கள். சில மாதம் கழித்து ஸ்கேன் செய்தால்? 10 பேரில் 8 பேருக்கு மேல் அதே சினைப்பையில் முட்டைகள் வளர்கின்றன! பருவப் பெண்களுக்கு நிறத்தைப் பார்த்துச் சினைப்பையை எடுக்காதீர்கள் என்று அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கம் 2019-ல் சொன்னது. எத்தனை சிறுமிகளின் சினைப்பைகள் இதனால் பிழைத்திருக்கும்!

கட்டியை மட்டும் எடு, உறுப்பை விட்டுவை என்று லண்டனில் போராடியவர் டாக்டர் விக்டர் பானி. இளம் வயதிலேயே கருப்பையை இழந்தவர் அவருடைய மனைவி! ஒரே கருப்பையிலிருந்து பானி எடுத்த நார்க்கட்டிகள் எத்தனை தெரியுமா? 225! கருப்பை பத்திரம்!

ஒரு எச்சரிக்கை. சினைப்பையில் பழைய ரத்தம் தேங்கி உருவாகும் சாக்லேட் கட்டியை உரிக்கும்போது நல்ல திசுவும் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். முட்டைக் கையிருப்பு குறையும். குழந்தை வேண்டும் என்பவர்கள் இதை ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் கேட்டுவிட வேண்டும்!

கருப்பையை எடுத்துவிட்டு, சினைப்பைகளை விட்டுவைத்தால்? மாதவிடாய் அன்றோடு சரி. ஹார்மோன் மட்டும் தொடர்ந்து சுரக்கும்! ஆனாலும் நியூசிலாந்து ஆய்வு ஒன்றில் இவர்களுக்கு மெனோபாஸ், அதாவது சினைப்பைகள் ஓய்வது, 3.7 வருடம் முந்தியது!

அமெரிக்காவில் கருப்பை எடுத்த 29,380 நர்ஸ்களை 24 வருடம் விடாமல் கவனித்தார்கள். கூடவே இரண்டு சினைப்பைகளையும் எடுத்துக்கொண்டவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்தார்களா? எந்த வயதுப் பிரிவிலும் இல்லை!

1809, கென்டக்கி. மயக்க மருந்தே இல்லாத காலம். ஜேன் டாட் க்ராஃபோர்ட் என்ற பெண்ணின் சினைப்பைக் கட்டியை டாக்டர் மெக்டவல் 25 நிமிடத்தில் எடுத்தார். எடை 10 கிலோ! அந்தப் பெண்மணி அதற்குப் பிறகும் 32 வருடம் வாழ்ந்தார்!

பெல்ஜியத்தில் புற்றுநோய் சிகிச்சைக்கு முன் ஒரு பெண்ணின் சினைப்பைத் திசுவை 1997-ல் எடுத்து உறைய வைத்தார்கள். 2003-ல் திரும்பவும் உடலுக்குள் பொருத்தினார்கள். நின்றுபோன மாதவிடாய் மறுபடி வந்தது! 2004 செப்டம்பரில் பெண் குழந்தை பிறந்தது. எடை 3.72 கிலோ!