கார்ப்பந்தய விளையாட்டுக்கு ஏற்ற கணிப்பொறித் திரை

அமெரிக்கரான வில்லியம் பைரன், கார்ப்பந்தயக் கலையைப் பயிலத் தொடங்கியது ஓடுகளத்தில் அன்று. வீட்டுக் கணிப்பொறியின் முன்னே, ஐரேசிங் என்னும் விளையாட்டில். பின்னர் அவர் 2024, 2025 ஆகிய ஈராண்டுகளிலும் டேட்டோனா 500 பந்தயத்தில் வாகை சூடினார். திரையில் பழகிய கண் களத்திலும் துணை நிற்கும் என்பது இதனால் புலனாகும். ஆனால் அத்திரை தொலைவைப் பிழையாகக் காட்டினால் பயிற்சியும் பிழையாகும். ஆகவே இவ்விளையாட்டிற்குரிய திரையைத் தேர்ந்தெடுக்கும் முறையினை ஈண்டு நோக்குவோம்.

கடைக்குச் செல்வோர் முதலில் வினவுவது, "எத்தனை அங்குலம்?" என்பதே. நாமோ, "கண்ணுக்கும் திரைக்கும் இடையே எவ்வளவு தொலைவு?" என்றே முதலில் வினவுதல் வேண்டும். 27 அங்குலத் திரையின் அகலம் ஏறத்தாழ 60 செ.மீ. அதனை 90 செ.மீ. தொலைவில் வைத்தால், நம் பார்வையில் அது நிரப்பும் கோணம் 37 பாகையே. ஸ்டியரிங்கை ஒட்டி 60 செ.மீ. தொலைவிற்குக் கொணர்ந்தால் அதே திரை 53 பாகையை நிரப்பிவிடும். 90 செ.மீ.யில் நிற்கும் 32 அங்குலத் திரையோ 43 பாகையைத் தாண்டாது. சுவரில் மாட்டிய 43 அங்குலத் தொலைக்காட்சியை 2 மீட்டர் தள்ளி அமர்ந்து பார்ப்போர்க்குக் கிட்டுவது 27 பாகை மட்டுமே! செலவின்றிப் பெறும் ஊதியத்தை விடுத்துப் பலரும் பெரிய திரைக்குப் பொருளை இறைக்கின்றனர்.

விளையாட்டினுள்ளும் பார்வைக் கோணம் என்றோர் அமைப்பு உண்டு. திரை நிரப்பும் கோணமும் இதுவும் ஒத்திருத்தல் வேண்டும். பக்கங்களும் தெரியட்டும் என்று 37 பாகைத் திரையில் 90 பாகைக் காட்சியைத் திணித்தால், அண்மையிலுள்ள வளைவும் சேய்மையில் உள்ளதுபோல் தோன்றும்; பிரேக்கை மிதிக்க வேண்டிய இடம் கண்ணுக்குப் பிடிபடாது. ஐரேசிங் கிடைக்கோணத்தையும், அசெட்டோ கோர்சா செங்குத்துக் கோணத்தையும் கேட்பதால், எண்ணை மாற்றி இட்டுக் குழம்புவோரும் உளர். மேற்கூறிய 53 பாகைத் திரையின் செங்குத்துக் கோணம் 31 பாகையே.

அருகே வரும் காரைக் காண வேண்டுமாயின் மூன்று திரைகளை வளைத்து நிறுத்துதல் சிறப்பு. எனினும் 2560 × 1440 புள்ளிகள் கொண்ட மூன்று திரைகளுக்கு, கிராபிக்ஸ் கார்டு ஒவ்வொரு படத்திற்கும் 1 கோடியே 10 லட்சம் புள்ளிகளைத் தீட்டியாக வேண்டும். 4கே திரைக்கே 83 லட்சம்தான். மாணவர்க்கு இச்செலவு தகாது என்பது நம் கருத்து. 34 அங்குல அகலத்திரை ஒன்று, 27 அங்குலத் திரையின் உயரத்திலேயே 80 செ.மீ. அகலம் தரும், 60 செ.மீ. தொலைவில் 67 பாகை கிட்டும்.

அடுத்தது ஹெர்ட்ஸ். மணிக்கு 200 கி.மீ. வேகத்தில் செல்லும் கார், 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு படத்திற்கும் அடுத்த படத்திற்கும் இடையே 93 செ.மீ. ஓடிவிடுகிறது, 144 ஹெர்ட்ஸில் 39 செ.மீ. மட்டுமே. கிராபிக்ஸ் கார்டு அத்தனை படங்களைத் தர இயலாவிடில் இதனால் முழுப்பயன் இல்லை.

திரையை ஸ்டியரிங் பொருத்திய மேசையிலேயே வைத்தலாகாது. விசைமிக்க ஸ்டியரிங்கின் அதிர்வால் காட்சியும் நடுங்கும். தனித்த தாங்கி ஒன்றில், திரையின் நடுப்பகுதி கண்மட்டத்திற்கு வருமாறு நிறுத்துக.