சந்தம் கடந்த தூரம்

அன்றாட வாழ்வில் இசைக்கு நன்றி சொல்வதென்றால் மேடையும் வாத்தியமும்தான் நினைவுக்கு வருகின்றன. தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்துக்குத் தெற்கே உள்ள காயல்பட்டினம், அந்த நன்றிக்கு உரியவர்கள் வேறு சிலரும் உண்டு என்று காட்டுகிறது. 15-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அருணகிரிநாதர் முருகனைப் போற்றித் திருப்புகழ் பாடிய தலங்களில் ஒன்று, இவ்வூருக்குச் சில கிலோமீட்டர் தெற்கே இருக்கும் திருச்செந்தூர். பின்னாளில் காயல்பட்டினத்துக் காசிம் புலவர், அதே திருப்புகழ்ச் சந்தத்தில் நபிகள் நாயகத்தின் புகழைப் பாடினார். பாடுபொருள் வேறு, சமயம் வேறு. சந்தம் மட்டும் தடையின்றிக் கடந்து வந்தது. பாட்டின் தாளம் அந்த வட்டார மக்களின் காதில் முன்பே ஊறியிராவிட்டால் இது எப்படி நடந்திருக்கும்?

இவை வழிபாட்டுப் பாடல்கள், இவற்றை இசை என்பது பொருந்தாது எனச் சிலர் கருதலாம். பாடுவோரின் நோக்கம் வழிபாடே, அதில் ஐயமில்லை. ஆனால் குறிலும் நெடிலும், வல்லினமும் மெல்லினமும் அளந்து வைத்த அடுக்கில்தான் அந்தப் பக்தி நாவில் தங்குகிறது. ஏட்டைப் புரட்டாமலே பாடல் நினைவில் நிற்பதும் அதனால்தான். அருமையான கொடை இது! வாத்தியம் இல்லையே என்றால், சந்தப் பாட்டில் சொல்லே தாளம் போடுகிறது. வீட்டுத் திண்ணையில் பாடவும் அது போதும்.