தோலில் தங்கிவிடும் நுரை

ஷாம்பு பாட்டிலைத் திருப்பினால் பொடி எழுத்தில் பெரும்பாலும் ஒரு பெயர் தென்படும்: சோடியம் லாரில் சல்ஃபேட், சுருக்கமாக எஸ்.எல்.எஸ். ஃபேஸ்வாஷிலும் பற்பசையிலும்கூட நுரை கிளப்புவது பல நேரம் இதுதான். தேங்காய் எண்ணெயிலிருந்தும் இதைத் தயாரிக்கலாம். ஆகவே 'தேங்காயிலிருந்து வந்தது' என்ற விளம்பரத்தில் பொய் இல்லை. அதை நம்பி நிம்மதி அடையவும் ஒன்றுமில்லை.

இதன் மூலக்கூறில் ஒரு முனை எண்ணெயைப் பிடிக்கும், மறுமுனை தண்ணீரைப் பிடிக்கும். பிசுக்கு தண்ணீரோடு போவது அதனால்தான். ஆனால் எது பிசுக்கு, எது தோலுக்கு வேண்டிய கொழுப்பு என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. தோலின் மேலடுக்கில் செல்கள் செங்கல் என்றால், செராமைடும் கொலஸ்ட்ராலும் கொழுப்பு அமிலங்களும் இடையே பூசிய சாந்து. எஸ்.எல்.எஸ். அந்தச் சாந்தைக் குலைக்கிறது. செல்களின் கெரட்டின் புரதத்திலும் ஒட்டிக்கொள்கிறது. உள்ளிருக்கும் ஈரம் கசிந்து ஆவியாகிறது. முகம் கழுவியதும் தோல் இழுத்துப் பிடிப்பதைச் 'சுத்தம்' என்று நினைக்கிறோம், பாவம்! ஆய்வுக்கூடத்தில் தோலை வேண்டுமென்றே எரிச்சலூட்டிப் பார்க்க மருத்துவர்கள் வழக்கமாக எடுப்பதும் இதே பொருளைத்தான்.

அதற்காகப் பாட்டிலைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. எவ்வளவு, எவ்வளவு நேரம் என்பதே கேள்வி. பிரிட்டனில் எக்ஸிமா என்ற தோல் அழற்சிக்கும் வறண்ட தோலுக்கும் காலங்காலமாக எழுதிக்கொடுக்கப்பட்ட மலிவான களிம்பு 'அக்வியஸ் கிரீம்'. எண்ணெயும் தண்ணீரும் பிரியாமலிருக்க அதில் சுமார் 1 சதவீதம் எஸ்.எல்.எஸ். கழுவிவிடும் ஷாம்புவில் இதைவிடப் பல மடங்கு இருக்கலாம். களிம்போ தோலிலேயே கிடக்கும். 2010-ல் பாத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆரோக்கியமான தோலில் அதை 4 வாரம் தடவவைத்தார்கள்; மேலடுக்கு மெலிந்தது, ஈர இழப்பு கூடியது. எரிச்சல், அரிப்பு, சிவப்பு வரலாம், குறிப்பாக எக்ஸிமா உள்ள குழந்தைகளுக்கு என்று 2013-ல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. குணப்படுத்த வந்த களிம்பே புண்ணைக் கிளறியது.

எஸ்.எல்.எஸ்-ஆல் புற்றுநோய் வரும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதற்கு ஆதாரமில்லை. பெயரில் 'லாரெத்' என்று இருந்தால் அது இதன் சாதுவான தம்பி, எரிச்சல் குறைவு. எக்ஸிமா உள்ளவர்களும் அடிக்கடி கை கழுவும் வேலையில் இருப்பவர்களும் சல்ஃபேட் இல்லாததைத் தேடுவது நல்லது. மற்றவர்கள் நன்றாக அலசி, ஈரம் காயுமுன் மாய்ஸ்சரைசர் தடவினால் போதும். அடிக்கடி வாய்ப்புண் வருகிறவர்கள் பற்பசை டியூபையும் ஒருமுறை திருப்பிப் பார்க்கலாம், எஸ்.எல்.எஸ். இல்லாத பேஸ்ட்டுக்கு மாறியதும் சிலருக்குக் குறைந்திருக்கிறது.